ஸ்டிக்கரைப் படிங்க, அப்புறம் ரேம் வாங்குங்க

இந்த முறை ராயப்பன்பட்டியிலிருந்தும் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: பரணில் கிடக்கும் பழைய லேப்டாப். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: அக்கா பிளஸ் டூ படிச்சப்போ கொடுத்த கவர்மென்ட் லேப்டாப் வீட்ல இருக்கு. ஆன் ஆகுது, ஆனா எதைத் தொட்டாலும் ஹேங் ஆகுது. எடைக்குப் போட்டுடலாமான்னு அப்பா கேக்குறார்.
– கல்லூரி மாணவி, ராயப்பன்பட்டி

பதில்: அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஆன் ஆகிற லேப்டாப்பை எடைக்குப் போடவே கூடாது. அது பழுதாகவில்லை, ரேம் போதவில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது அது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கியது. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. அன்றைய வேலைக்கு அது தாராளமாகப் போதும். இன்று பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே 2 ஜிபி தீர்ந்துவிடுகிறது. தீர்ந்ததும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தை ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும். சுழலும் டிஸ்க் ரேமைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானது. டிஸ்க் லைட் ஓயாமல் மினுக்குகிறதே, அப்போது நடப்பது இதுதான். நீங்கள் ஹேங் என்று சொல்வதும் இதைத்தான்.

இன்னொரு சங்கதி உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. மொத்தமாக வாங்கியதால் ஒரே பேட்ச்சில் ஒரே மாடல் வந்தது. அக்காவோடு படித்தவர்கள் வீட்டிலும் அதே லேப்டாப், அதே ரேம்தான் இருக்கும். அதில் ஒன்று டிஸ்ப்ளே உடைந்தோ போர்டு போயோ கிடந்தால், கேட்டு வாங்கி அதன் 2 ஜிபி ரேமை உங்கள் இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். காலணா செலவில்லாமல் 4 ஜிபி ஆகிவிடும். இத்தனை வீடுகளில் ஒரே மாதிரி உதிரிபாகம் இருக்கும் வசதி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குக்கூடக் கிடையாது. நம் ஊருக்கு இருக்கிறது.

கேள்வி: கழற்றாமலே உள்ளே என்ன ரேம் இருக்குன்னு தெரிஞ்சுக்க முடியுமா?
– ஆட்டோ ஓட்டுநர், காமயகவுண்டன்பட்டி

பதில்: முடியும். விண்டோஸ் 10 என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போங்கள். எவ்வளவு, என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். விண்டோஸ் 7 என்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்ற பக்கத்தைப் பாருங்கள். லினக்ஸ் என்றால் டிஎம்ஐ-டிகோட் கட்டளை.

இவற்றுக்கு விவரம் எங்கிருந்து வருகிறது? ரேம் பலகையின் ஓரத்தில் எட்டுக் காலோடு ஒரு குட்டி சிப் இருக்கும். அந்தப் பலகையின் கொள்ளளவு, வேகம், தயாரித்த கம்பெனி எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். லேப்டாப் ஆன் ஆனவுடன் முதலில் அதைத்தான் படிக்கிறது.

ஒரு எச்சரிக்கை: இரண்டு ஸ்லாட் என்று மென்பொருள் சொன்னாலும் கழற்றிப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். சில போர்டுகளில் ஒரு ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதையும் சேர்த்து இரண்டு என்று காட்டும்.

கேள்வி: ரேம் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஒரு வரி நம்பரும் எழுத்துமா இருக்கு. கடைக்காரர் அதைப் பார்த்து ஒரு நொடியில சொல்லிடுறார். எனக்கும் சொல்லிக் கொடுங்க.
– பாலிடெக்னிக் மாணவர், அனுமந்தன்பட்டி

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இதுதான், தம்பி. இதைக் கற்றுக்கொண்டால் யாரும் உங்களுக்குத் தப்பான ரேம் விற்க முடியாது.

‘2ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600எஸ்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வருவது கொள்ளளவு. அடுத்த 2ஆர் என்பது இரண்டு ரேங்க், அதாவது சிப்புகள் இரண்டு அணியாக வேலை செய்கின்றன. எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில் எட்டு பிட் கொடுக்கும். பிசி3 என்பது டிடிஆர்3 தலைமுறை. பிசி2 என்றால் டிடிஆர்2, பிசி4 என்றால் டிடிஆர்4. பிசிக்குப் பிறகு தலைமுறை எண்ணும் கோடும் இல்லாமல் நேராக 2100, 2700, 3200 என்று வந்தால் அது முதல் டிடிஆர். இன்னும் பழையதில் பிசி100, பிசி133 என்றிருக்கும், அது எஸ்டி-ரேம்.

10600 என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபைட் கடத்த முடியும் என்ற கணக்கு. அதை எட்டால் வகுத்தால் கடைகளில் சொல்லும் வேகம் வந்துவிடும்: 10600 என்றால் 1333, 12800 என்றால் 1600, 8500 என்றால் 1066. டிடிஆர்2-இல் 5300 என்றால் 667, 6400 என்றால் 800. வகுத்து வருவது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஸ்டிக்கரில் முழு எண்ணாகச் சுருக்கிவிடுகிறார்கள். கடைசியில் இருக்கும் எஸ், இது லேப்டாப் அளவுப் பலகை என்பதற்கு அடையாளம்.

இந்த வரியை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ‘பழைய லெனோவாவுக்கு ரேம் வேணும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு. இப்ப என்ன செய்ய?
– மொபைல் சர்வீஸ் கற்றுக்கொள்பவர், உத்தமபாளையம்

பதில்: வெட்டைப் பாருங்கள். தங்க நிறப் பின் வரிசையில் ஓர் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். அது ஓர் ஓரத்தை ஒட்டி, சின்னப் பக்கத்தில் 20 பின், பெரிய பக்கத்தில் 80 என்று பிரித்தால் அது டிடிஆர் அல்லது டிடிஆர்2. இரண்டிலும் பலகையின் இரு முகமும் சேர்த்து மொத்தம் 200 பின்தான். வெட்டின் இடம் மட்டும் மயிரிழை தள்ளியிருக்கும், கண்ணால் பிரிப்பது கஷ்டம். 36-க்கு 66 என்று பிரித்தால் டிடிஆர்3, மொத்தம் 204. வெட்டு நடுவை நெருங்கி வந்து 260 பின் இருந்தால் டிடிஆர்4. பின்கள் அகலமாக, மொத்தமே 144 என்றால் எஸ்டி-ரேம் காலத்துச் சரக்கு.

அடுத்து சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். சாம்சங் சிப் எல்லாம் கே4 என்று தொடங்கும். அதற்கு அடுத்த எழுத்துதான் தலைமுறையைச் சொல்லும். ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து என்றால் டிடிஆர்4, இரண்டாவது என்றால் டிடிஆர்3, இருபதாவது என்றால் டிடிஆர்2, எட்டாவது என்றால் முதல் டிடிஆர். அதற்கடுத்து 2ஜி08 என்று இருந்தால் ஒரு சிப்பில் 2 கிகாபிட், எட்டு பிட் அகலம். எட்டு சிப் சேர்ந்தால் 16 கிகாபிட், அதாவது 2 ஜிபி. பதினாறு சிப் இருந்தால் 4 ஜிபி. எண்ணத் தெரிந்தால் போதும், ஸ்டிக்கரே வேண்டாம்.

கேள்வி: டிடிஆர்3-ன்னு கேட்டு டிடிஆர்3-தான் வாங்கினேன். பொருத்தமா உட்காருது. ஆனா ஆன் பண்ணா டிஸ்ப்ளே வரல. ரேம் பழுதா?
– ஜெராக்ஸ் கடைக்காரர், கம்பம்

பதில்: பழுது இல்லாமலும் இருக்கலாம். எல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிடிஆர்3-இல் இரண்டு வகை. சாதாரணமானது 1.5 வோல்ட். ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருப்பது 1.35 வோல்ட். பின் எண்ணிக்கையும் வெட்டும் ஒன்றுதான், அதனால் எதிலும் எது வேண்டுமானாலும் உட்காரும். ஆனால் 2013 வாக்கில் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை மொபைல் பிராசஸர்களும், பே டிரெயில் வகை செலரான், பென்டியம்களும் 1.35 வோல்ட் மட்டும்தான் கொடுக்கும். அவற்றில் சாதாரண டிடிஆர்3 போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

எல் வகை இரண்டு வோல்டேஜிலும் ஓடும். ஆகவே பழைய லேப்டாப்பில் எல் போடலாம், அதற்குப் பின் வந்ததில் எல் இல்லாததைப் போடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் எல் வகையே வாங்குங்கள். நீங்கள் வாங்கிய ரேமை அதைவிடப் பழைய லேப்டாப் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அவருக்கு அது நன்றாகவே ஓடும்.

கேள்வி: டெஸ்க்டாப் ரேமை லேப்டாப்பில் போடலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவர், ஆனைமலையன்பட்டி

பதில்: முடியாது, தம்பி. டெஸ்க்டாப் ரேம் சுமார் 133 மில்லிமீட்டர் நீளம். லேப்டாப் ரேம் சுமார் 68. அளவுகோல் இருந்தால் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

கேள்வி: 4 ஜிபி போட்டாச்சு. ஆனா 3 ஜிபி சொச்சம்தான் காட்டுது. மீதி எங்கே போச்சு?
– ஏலக்காய் வியாபாரி, போடி

பதில்: மூன்று இடங்களில் ஒன்றில் போயிருக்கும்.

உங்களுடையது 32 பிட் விண்டோஸ் என்றால் அது எண்ணக்கூடிய முகவரிகளே 4 ஜிபி வரைதான். அதிலும் ஒரு பகுதியை டிஸ்ப்ளே, யுஎஸ்பி போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். பிராசஸர் ஒத்துழைத்தால் 64 பிட் போடுங்கள், திரும்பி வந்துவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் திரைக்காக ரேமிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அது இயல்பு, விட்டுவிடுங்கள். மூன்றாவது, சிப்செட். 2006, 2007 வாக்கில் பரவலாக இருந்த இன்டெல் 945 சிப்செட்டில் 4 ஜிபி மாட்டலாம், ஆனால் மூன்றே கால் ஜிபிக்கு மேல் பயன்படுத்த வழியே இல்லை. அதில் 64 பிட் போட்டாலும் பயன் கிடையாது.

கவர்மென்ட் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று வந்தால், அந்தப் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு மாட்டினாலும் தொடாது. ரேம் வாங்கிய காசு வீணாகும். முதலில் இயங்குதளத்தை மாற்றுங்கள், பிறகு ரேம்.

கேள்வி: முதல் தலைமுறை ஐ3 லேப்டாப். 4 ஜிபி ரேம் ஒண்ணு நண்பர் லேப்டாப்பில் ஓடுது, என்னுதுல ஓட மாட்டேங்குது. மாப்ள, உன் போர்டு போச்சுன்னு பயமுறுத்துறான்.
– டெய்லர், சின்னமனூர்

பதில்: போர்டு நன்றாக இருக்கிறது. ரேமின் இரண்டு பக்கமும் சிப் எண்ணுங்கள். எட்டு மட்டும் இருந்தால், ஒரு சிப்பில் 4 கிகாபிட் அடைத்திருக்கிறார்கள். முதல் தலைமுறை கோர் ஐ வரிசையின் மெமரி கன்ட்ரோலருக்கு 2 கிகாபிட் சிப் வரைதான் பழக்கம். அதற்கு முந்தைய கோர் 2 டுயோ காலத்து டிடிஆர்3 லேப்டாப்புகளும் அப்படியே. உங்களுக்கு வேண்டியது பதினாறு சிப் உள்ள 4 ஜிபி, ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கும். 1ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் வாங்காதீர்கள். புதிதாக வருவதில் பெரும்பாலும் எட்டு சிப்தான், ஆகவே செகண்ட் ஹேண்ட் கடையில் தேடுங்கள். பழையது என்று தயங்க வேண்டாம். அசையும் பாகம் எதுவும் இல்லாத ரேம், மின்சாரம் ஒழுங்காக வந்தால் லேப்டாப்பையே தாண்டி உழைக்கும்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் பென்டியம் 3 லேப்டாப் ஒன்று விண்டோஸ் 98-இல் ஓடுகிறது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, ஊர்த் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதில்தான் திறக்கும். ரேம் கூட்ட முடியுமா?
– அச்சகம் நடத்துபவர், உத்தமபாளையம்

பதில்: அய்யா, உங்கள் லேப்டாப் இந்தப் பகுதியின் ஆவணக் காப்பகம். ரேமுக்கு முன்னால் அதிலிருக்கும் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. ஒருங்குறிக்கு முந்தைய ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியீடு. தமிழ்நாடு அரசு தாம், தாப் என்று இரண்டு தரங்களை 1999-இல் கொண்டுவந்தும், தனியார் எழுத்துருக்கள் தங்கள் போக்கிலேயே நீடித்தன. கோப்பைப் பிரதி எடுக்கும்போது அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

இனி ரேம். உங்களுக்கு வேண்டியது 144 பின் எஸ்டி-ரேம், பிசி100 அல்லது பிசி133. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் என்றால் சிப் எண்ணிக்கை முக்கியம். 256 எம்பி பலகையில் பதினாறு சிப் இருந்தால் முழுதும் தெரியும். எட்டு சிப் என்றால் பாதி, அதாவது 128 எம்பிதான் தெரியும். ரேம் பழுது என்று நினைத்து நிறையப் பேர் நல்ல பலகையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 815 சிப்செட் என்றால் மொத்தம் 512 எம்பிதான் உச்சம். அதைத் தாண்ட ஆசைப்படவும் வேண்டாம். 512 எம்பிக்கு மேல் போனால் விண்டோஸ் 98 குழம்பி, மெமரி போதவில்லை என்றே பிழை காட்டும். உங்கள் வேலைக்கு 256 எம்பியே ஏராளம்.

கேள்வி: சின்னத் திரை நெட்புக். எவ்வளவு போடலாம்?
– அங்கன்வாடிப் பணியாளர், கே.கே.பட்டி

பதில்: ஆட்டம் பிராசஸர் என்-270, என்-450 வகைகள் என்றால் 2 ஜிபி டிடிஆர்2, அதற்கு மேல் ஏறாது. பெரும்பாலும் ஒரே ஸ்லாட்தான்; இருக்கும் 1 ஜிபியைக் கழற்றிவிட்டு 2 ஜிபி ஒன்றைப் போடுங்கள். வீடியோ பார்க்க ஏங்காமல், எழுதவும் கணக்குப் போடவும் வைத்துக்கொண்டால் நல்ல துணை.

கேள்வி: ஒரு ஸ்லாட்டில் 2, இன்னொன்றில் 4 போட்டால் சண்டை வருமா? கம்பெனி வேற வேறயா இருந்தா?
– பால் சொசைட்டி ஊழியர், கோம்பை

பதில்: தலைமுறையும் வோல்டேஜும் ஒத்துப்போனால் பெரும்பாலும் வராது. வேகம் வேறுவேறாக இருந்தால் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் ஓடும். சமமாக 2-ம் 2-மாகப் போட்டால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் போகும், வேகம் கூடும். ஆனால் 2-ம் 4-மாகச் சேர்ந்த 6 ஜிபி, சமமான 4 ஜிபியைவிட அன்றாட வேலைக்கு மேல். அளவா, சமமா என்று கேட்டால் அளவுக்கே என் ஓட்டு.

கேள்வி: நானே கழற்றலாமா? வீட்ல எல்லாரும் ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர்’ங்கிறாங்க.
– பி.எஸ்சி. மாணவி, ராயப்பன்பட்டி

பதில்: தாராளமாகக் கழற்றுங்கள், தங்கச்சி. இருக்கிற வேலைகளிலேயே எளிதானது ரேம் மாற்றுவதுதான். பிறகு வீட்டில் எல்லார் லேப்டாப்பும் உங்களிடம்தான் வரும்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். இரண்டும் இல்லாதபோது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும். இரும்பு ஜன்னல் கம்பியையோ பீரோவையோ ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்னேற்றத்தை இறக்கிவிட்டு உட்காருங்கள். நைலான், பாலியஸ்டர் துணி விரித்த கட்டிலில் வேண்டாம், மர மேசை நல்லது. அடிப்பக்கம் ரேம் படம் போட்ட சின்ன மூடி இருந்தால் அதன் ஸ்க்ரூ மட்டும். ஒன்றுதான் தெரிகிறது, இரண்டாவது ஸ்லாட்டைக் காணோம் என்றால் சில மாடல்களில் அது கீபோர்டுக்கு அடியில் இருக்கும். மூடியே இல்லாமல் முழு அடிப்பாகத்தையும் கழற்ற வேண்டிய மாடல் என்றால், ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தைக் காகிதத்தில் வரைந்து அங்கேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டையே துளைக்கும். நிஜமான ஆபத்து அது ஒன்றுதான்.

ரேமின் இரு பக்கமும் இருக்கும் உலோகக் கொக்கிகளை நகத்தால் வெளிப்பக்கம் விலக்கினால் பலகை தானாகச் சாய்ந்து எழும். ஓரத்தைப் பிடித்து இழுங்கள், தங்கப் பின்னைத் தொடாதீர்கள். புதியதை அதே சாய்வில், தங்க வரிசை கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் கொக்கி ‘டக்’ என்று பிடிக்கும். பத்தில் ஒன்பது ‘டிஸ்ப்ளே வரல’ புகார்கள், முழுதாக உள்ளே தள்ளாமல் அழுத்தியதால் வருபவை. வெட்டு ஒத்துவரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அது வேறு தலைமுறை, அவ்வளவுதான்.

கேள்வி: சாரல் சீசன்ல லேப்டாப் ஆன் ஆகாது, வெயில் வந்தா ஆகும். ரேமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்றாங்க. சிலர் பெட்ரோல்ங்கிறாங்க.
– திராட்சைத் தோட்டக்காரர், ராயப்பன்பட்டி

பதில்: பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும், பிசினும் ஒட்டும்.

தென்மேற்குப் பருவத்தில் மலையைத் தாண்டி வரும் சாரல் சண்முகாநதி அணைப் பக்கமெல்லாம் காற்றை நனைத்து வைக்கிறது. அந்த ஈரத்தில் ஸ்லாட்டின் பின்களில் படலம் கட்டுகிறது, தொடர்பு விட்டுப்போகிறது. தோட்டத்து மருந்துத் துகள் படிகிற அறையில் லேப்டாப் இருந்தால் இன்னும் சீக்கிரம். மருந்துக் கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். நூல் உதிராத துணியில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். ரப்பர் என்றால் வெள்ளைப் பென்சில் ரப்பர், மெதுவாக ஒரே ஒருமுறை, துகளை முழுதும் தட்டிவிட்டு. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஒவ்வொரு சீசனும் தேய்த்தால் செம்பு தெரிய ஆரம்பிக்கும். லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதை விட்டுவிட்டு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ரேம் நல்லதா கெட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– கூரியர் ஊழியர், தேனி

பதில்: மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். ராத்திரி படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ‘ஒண்ணுதானே’ என்று விட்டால் அந்த ஒன்று ஒருநாள் உங்கள் பிள்ளையின் புராஜெக்ட் கோப்பின் நடுவில் போய் உட்காரும். இரண்டு ரேம் இருந்தால் தனித்தனியாகச் சோதியுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டால் மட்டும் காசு கொடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனா ரேம்ல இருந்தது ஏன் மறந்து போகுது? ஹார்ட் டிஸ்க் மறக்கறதில்லையே?
– எட்டாம் வகுப்பு மாணவி, ராயப்பன்பட்டி

பதில்: ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த அறை. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்து 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அது ஓட்டைக் குடம், ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் எல்லா அறைகளையும் ஒரு சுற்றுப் படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். அக்காவின் 2 ஜிபி ரேமில் சுமார் 1,700 கோடி அறைகள். கரண்ட் நின்றால் நிரப்புவதும் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் எழுதுகிறது, காந்தத்துக்குக் கரண்ட் தேவையில்லை. நல்ல கேள்வி, பாப்பா. இதையே உங்கள் அறிவியல் டீச்சரிடமும் கேளுங்கள்.

கேள்வி: முன்னே சீப்பா கிடைச்ச ரேம் இப்ப ஏன் இவ்வளவு விலை?
– கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், கம்பம்

பதில்: உலகத்தில் ரேம் சிப் பெரிய அளவில் செய்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால் அவர்கள் தொழிற்சாலைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடைகளில் நாம் வாங்கிவந்த க்ரூசியல் வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் எழும்பும் கட்டடம், கம்பத்தில் ஒரு மாணவியின் லேப்டாப்பைத் தொடுகிறது. இந்த நேரத்தில் வீட்டில் சும்மா கிடக்கும் ஒவ்வொரு ரேமும் காசு. செத்த லேப்டாப்பை எடைக்குப் போடுவதற்கு முன் ரேமைக் கழற்றுங்கள் என்று உங்கள் சென்டர் வாசலில் எழுதிப் போடுங்கள்.

கேள்வி: கையில் கொஞ்சம் காசுதான் இருக்கு. ரேமா, எஸ்எஸ்டியா?
– தட்டச்சு நிலைய ஆசிரியை, சின்னமனூர்

பதில்: 2 ஜிபி என்றால் முதலில் ரேம். 4 ஜிபி இருந்தால் எஸ்எஸ்டி. இரண்டும் ஆன பிறகு இயங்குதளம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இந்த இயந்திரங்களை ஏற்காது. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லுபுண்டு போன்றவை 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும். நம் நாட்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது, தமிழ் இடைமுகத்தோடு.

கேள்வி: எங்கள் பள்ளி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பழைய கவர்மென்ட் லேப்டாப்புகளைத் திரட்டி, சரிசெய்து கொடுக்கலாம் என்று பேசுகிறோம். நடக்குமா?
– முன்னாள் மாணவர், ராயப்பன்பட்டி

பதில்: நடக்கும், நடத்துங்கள். எல்லா கவர்மென்ட் லேப்டாப்பும் ஒன்று என்று மட்டும் நினைக்காதீர்கள். பிந்தைய பேட்ச்களில் டிடிஆர்4-ம் வந்திருக்கிறது. வந்தவற்றை அடியில் இருக்கும் மாடல் எண்படி பிரித்து அடுக்குங்கள். ஒரே மாடலில் ஆன் ஆகாதவற்றின் ரேமை எடுத்து ஆன் ஆகிறவற்றின் காலி ஸ்லாட்டில் போடுங்கள். மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். எது எந்த லேப்டாப்பிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், பின்னால் கோளாறு வந்தால் தேட உதவும். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து எல்லாரும் ஊருக்கு வருவார்களே, அப்போது கேட்டால் பரண்கள் தானாகத் திறக்கும்.

வாங்கும்போதே உரிமையாளரை உட்காரவைத்து, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் குடும்பப் படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் அவர் பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, டிஸ்க்கை முழுதும் அழித்துவிடுங்கள். உப்பியிருக்கும் பேட்டரியைக் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். தனியாக மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் ஒப்படையுங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் பெரும்பாலான மாடல்கள் சார்ஜரில் நேராக ஓடும், அதனால் பேட்டரி போனதற்காக ஒன்றையும் ஒதுக்கிவிட வேண்டாம்.